அரிக்கும் தேமலும் அரிக்காத தேமலும்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பெரிய வியாழன் மாலை. காரைக்காலின் உட்புறத்தே வயல்கள் சூழ்ந்த கிளைப்பங்கு ஒன்றில் பாதம் கழுவும் சடங்கை நிறைவேற்றிக்கொண்டிருந்தோம். வரிசையில் எட்டாமவர் அறுபதைக் கடந்த உழவுத் தொழிலாளி. அவருடைய வலப்பாதத்தைக் கையிலேந்தி நீர் வார்த்தபோது, உள்ளங்காலில் காசளவு குழி விழுந்த புண் ஒன்று தென்பட்டது. அதனுள் ஒரு சிறு சரளைக்கல் செருகி நின்றது. நமக்கு உடல் சிலிர்த்தது. அவரோ முகத்தில் எவ்வித மாற்றமுமின்றி, கூப்பிய கரங்களுடன் பீடத்தை நோக்கி அமர்ந்திருந்தார். திருப்பலி முடிந்தபின் அவரைத் தனியே அழைத்து, "வலிக்கவில்லையா, பெரியவரே?" என வினவினோம். "ஏன் சாமி, காலில் ஏதும் இருக்கிறதா?" என்று அவர் நம்மையே திருப்பிக் கேட்டார்.

உயிர்ப்பு விழா கழிந்த வாரம் அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். முழங்காலுக்குக் கீழே வெளிறிய தேமல் ஒன்று பல ஆண்டுகளாய் அவருக்கு இருந்திருக்கிறது. அது அரிக்கவில்லை, எரியவில்லை, உழைப்பைத் தடுக்கவில்லை. ஆகவே அதனை அவர் யாரிடமும் காட்டியதில்லை. தேமல் தொழுநோயினுடையது என்றும், பாதத்தின் நரம்புகளில் உணர்ச்சி மடிந்துவிட்டது என்றும் மருத்துவர் கூறினார்.

அன்று அவருடன் வந்திருந்த மனைவியார், மருத்துவர் எழுந்து செல்லுமுன் தயங்கித் தயங்கித் தம் குறையையும் சொன்னார். அவருக்கு இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை. அது அரித்தது, இரவில் உறங்கவொட்டாமல் அரித்தது. ஆதலால் ஓராண்டாக மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசிவந்திருக்கிறார். தீர்ந்துபோன குழாய்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அவற்றை மேசைமேல் கொட்டியபோது மருத்துவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரே கூரையின்கீழ், அரித்த நோய்க்குத் தவறான மருந்து. அரிக்காத நோய்க்கோ மருந்தே இல்லை!

இந்நிகழ்ச்சி நம் உள்ளத்தை உறுத்திற்று. நம் குருமடத் தோழர் ஒருவரின் தங்கையார் தோல் மருத்துவர். அவரை ஒரு ஞாயிறு பிற்பகல் பங்கிற்கு அழைத்தோம். கூச்சத்தினால் மக்கள் வாய் திறவார் என்பதை அறிந்து, பெயரெழுதாத சீட்டுகளில் வினாக்களை எழுதிப் பெட்டியில் இடுமாறு இரு வாரம் முன்னரே அன்பியங்களுக்கு அறிவித்தோம். பெட்டி நிரம்பிவிட்டது. அன்று மருத்துவர் கூறியவற்றையும், அதன்பின் நாம் படித்தும் கேட்டும் தெளிந்தவற்றையும் வாசகக் குடும்பங்களுக்கு எழுதி வைப்பது நலமெனத் தோன்றியது.

சீட்டுகளில் பாதிக்குமேல் படர்தாமரையைப் பற்றியவை. இதில் வியப்பில்லை. நம் ஊரின் வெப்பமும், கடற்காற்றின் ஈரமும், ஓயாத வியர்வையும் இந்நோய்க்கு வரவேற்புரை வாசிக்கின்றன. போதாக்குறைக்கு, காற்றுப் புகாத இறுக்கமான கால்சட்டையை நம் இளைஞர்கள் சித்திரை வெயிலிலும் கழற்றுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உள்ளாடைகள் வீட்டுக்குள்ளேயே கொடியில் கிடந்து, அரைகுறையாய் உலர்ந்து, மீண்டும் உடலில் ஏறுகின்றன. படர்தாமரை என்பது புழுவுமன்று, இரத்தக் கேடுமன்று. தோலின் மேற்பரப்பிலுள்ள செதிலைத் தின்று வாழும் பூஞ்சை அது. வட்டமாகப் படர்ந்து, ஓரம் தடித்து, நடுப்பகுதி தெளிந்து தோன்றுவதால் நம் முன்னோர் அதற்குத் தாமரையின் பெயரை இட்டனர் போலும். நோய்க்கு இத்துணை அழகிய பெயரை வேறெவரும் சூட்டியிருப்பார்களா என்பது ஐயமே.

"கருவாடும் கத்தரிக்காயும் விலக்க வேண்டுமா?" என்று பலர் கேட்டிருந்தனர். கடற்கரைப் பங்கில் இது சிறிய கவலையன்று! மருத்துவரின் விடை சுருக்கமானது. தோலின் மேலிருக்கும் பூஞ்சைக்கு நம் குழம்புச் சட்டியில் என்ன கொதிக்கிறது என்பது தெரியாது. ஏதேனும் ஓர் உணவை உண்டதும் உடல் முழுதும் தடித்து வீங்குவோர் அவ்வுணவை மட்டும் விலக்கினால் போதும். படர்தாமரைக்காகப் பிள்ளைகளின் தட்டிலிருந்து மீனை எடுத்துவிடும் தாய்மார், நோயை விட்டுவிட்டுச் சத்துணவைத் தண்டிக்கிறார்கள்.

இனிக் களிம்புக் குழாய்களின் கதைக்கு வருவோம். "அரிப்புக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டால் கடைக்காரர் எடுத்து நீட்டும் மருந்துகள் பலவற்றில் மூன்று சரக்குகள் கலந்திருக்கும். பூஞ்சையைக் கொல்வது ஒன்று, நுண்ணுயிரைக் கொல்வது ஒன்று, மூன்றாவது ஸ்டீராய்டு. இம்மூன்றாவதே மக்களை மயக்குவது. அரிப்பும் சிவப்பும் உண்மையில் உடல் பூஞ்சையோடு நடத்தும் போரின் அடையாளங்கள். ஸ்டீராய்டு அப்போரை அடக்குகிறது, எதிரியை அடக்குவதில்லை. இரண்டு நாளில் அரிப்பு ஓய்ந்து, சிவப்பு மங்கி, "கைகண்ட மருந்து" என்று பெயர் வாங்கிவிடுகிறது. பூசுவதை நிறுத்தியதும் நோய் முன்னிலும் அகலமாய் வெளிப்படுகிறது. மீண்டும் ஒரு குழாய். இவ்வாறு மாதங்கள் கடந்தபின், தொடை இடுக்கிலும் அக்குளிலும் தோல் காகிதம்போல் மெலிந்து, பிள்ளைபெற்ற வயிற்றில் காண்பதுபோன்ற வரிகள் விழுகின்றன. அவ்வரிகள் மறைவதில்லை. முகத்தில் பூசியோருக்கு வெயில் பட்டாலே எரிச்சல், பரு, பெண்களுக்கு வேண்டாத முடி என்று துன்பங்கள் தொடர்கின்றன.

இக்கேட்டைக் கண்டு நாட்டின் தோல் மருத்துவர்கள் பல்லாண்டு குரல் எழுப்பினர். 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. ஆணை பிறந்தது, ஆனால் வழக்கம் இறக்கவில்லை. ஆகவே வாசகர்கள் தாங்களே குழாயின்மீது பொடியாக அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களுள் ஒன்று இருப்பின் அது ஸ்டீராய்டு. பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தால் படித்துச் சொல்லும்.

ஸ்டீராய்டு நஞ்சு என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. அமெரிக்காவில் 1952-ஆம் ஆண்டு சல்ஸ்பெர்கர், விட்டன் எனும் இரு மருத்துவர்கள் அதனைத் தோலின்மேல் பூசிப் பயன் கண்டனர். அதுமுதல் கரப்பான் போன்ற நோய்களால் வருந்தும் எண்ணற்றோர்க்கு அது வாழ்வளித்திருக்கிறது. எந்த நோய்க்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று அறிந்தவர் சொல்லிப் பூசினால் நன்மையே. அளவுக்கு மருத்துவர் ஓர் எளிய வழி காட்டினார். குழாயிலிருந்து சுட்டுவிரலின் நுனிக்கணு நீளத்துக்குப் பிதுக்கிய மருந்து, இரு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும்.

படர்தாமரைக்குப் பூஞ்சைக்கொல்லி மட்டுமே உள்ள மருந்து வேண்டும். வட்டத்தின் ஓரத்தைத் தாண்டி இரண்டு விரற்கடை அகலத்துக்குப் பூச வேண்டும். கண்ணுக்கு மறைந்தபின்னும் மருத்துவர் குறித்த நாள்வரை தொடர வேண்டும். இங்குதான் நாம் தவறுகிறோம். அரிப்பு நின்ற நாளே மருந்தும் நின்றுவிடுகிறது. எஞ்சிய பூஞ்சை மருந்துக்குப் பழகிக்கொள்கிறது. 2020-ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்திய, நேபாள நோயாளிகளிடம் கண்ட பூஞ்சை ஒன்றுக்கு 'டிரைக்கோபைட்டன் இண்டோட்டினியே' என்று பெயரிட்டனர். நீண்ட காலமாகக் கைகொடுத்துவந்த டெர்பினாஃபின் மருந்துக்கு அது பல வேளைகளில் அடங்குவதில்லை. நம் நாட்டின் பெயரைத் தாங்கி ஒரு நோய்ப் பூஞ்சை உலகைச் சுற்றுவது பெருமைக்குரியதன்று.

மருந்தோடு வீட்டு ஒழுங்கும் வேண்டும். துண்டு ஆளுக்கொன்று; உள்ளாடையை வெந்நீரில் அலசி, உட்புறம் வெளியே வருமாறு திருப்பி வெயிலில் உலர்த்துதல்; மழைக்காலமாயின் இஸ்திரி போட்டு உடுத்தல்; நோய் கண்ட அனைவரும் ஒரே சமயத்தில் மருத்துவம் பெறுதல். கணவனுக்கு மட்டும் மருந்திட்டு மனைவியை விட்டுவிட்டால் நோய் இவரிடமிருந்து அவருக்கும், அவரிடமிருந்து இவருக்கும் போய்வந்துகொண்டிருக்கும்.

இவ்விதி சிரங்குக்கு இன்னும் பொருந்தும். "இரவில் அரிப்பு மிகுகிறதா? வீட்டில் வேறு யாருக்கேனும் அரிக்கிறதா?" இரண்டுக்கும் 'ஆம்' என்றால் பாதி நோயைக் கண்டறிந்தாயிற்று என்றார் மருத்துவர். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், இடுப்பு, மறைவிடம் ஆகியவற்றில் தோலைக் குடைந்து முட்டையிடும் சிற்றுண்ணியின் வேலை இது. கண்ணுக்குப் புலப்படாத அளவினது. விடுதிப் பிள்ளைகள் விடுமுறைக்கு வீடு திரும்பும்போது சிரங்கும் பெட்டியோடு வருவதைப் பல தாய்மார் அறிவர். பெர்மெத்ரின் என்னும் மருந்தைக் கழுத்து முதல் கால் நுனி வரை, நகக்கண், விரலிடுக்கு உட்பட, இரவில் பூசிக் காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுமுறை. அரிப்பு உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடின்றி வீட்டார் அனைவரும் ஒரே இரவில் பூச வேண்டும். கைக்குழந்தைக்கும் கருவுற்றவர்க்கும் மட்டும் மருத்துவரைக் கேட்டே பூசுக. உண்ணி இறந்தபின்னும் சில வாரம் அரிப்பு இருக்கலாம். அதற்காக நாள்தோறும் மருந்தைப் பூசித் தோலைப் புண்ணாக்க வேண்டா. வெந்நீரில் துவைக்க இயலாத போர்வைகளைப் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்தால், மனித உடலின்றி உண்ணி மடிந்துபோகும்.

சிரங்கை மறைக்கும் வீடுகள் உண்டு. "சுத்தமில்லாதவர்கள் என்று சொல்லுவார்களே" என்பது அச்சம். நாள்தோறும் இருமுறை குளிப்பவரிடமும் சிரங்கு வரும். நெருங்கி வாழ்தலே அதற்குப் போதும். மறைப்பதால் விளையும் தீங்கோ பெரிது. சொறிந்த புண்ணில் சீழ் வைத்தால், அக்கிருமியின் விளைவாகச் சில குழந்தைகளுக்குச் சில வாரம் கழித்துச் சிறுநீரகம் அழற்சி அடைகிறது. காலையில் முகம் வீங்கி, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால், அக்குழந்தையை அன்றே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்க.

நடவுக்குச் செல்லும் பெண்கள் இட்ட சீட்டுகளின் கையெழுத்தே தனி. உபதேசியாரின் மகள் அவர்களுக்காக எழுதிக் கொடுத்திருந்தாள். சேற்றுப்புண்! சம்பா நடவில் காலையிலிருந்து மாலை வரை சேற்றில் நின்றவர்களின் கால்விரல் இடுக்கு வெளுத்து, பிளந்து, எரியும். மருதாணியை அரைத்து அப்பிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். அதில் குறை காண மருத்துவர் முன்வரவில்லை. ஆயின் கரையேறியதும் நல்ல நீரில் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்கு ஒவ்வொன்றையும் துணியால் ஒற்றி உலர்த்துவதே முதல் மருந்து என்றார். நாம் கழுவுகிறோம், உலர்த்துவதில்லை. வெடிப்பு ஆறாவிடில் பூஞ்சைக்கொல்லி வேண்டும். சர்க்கரை நோயாளருக்கும் யானைக்கால் கண்டவர்க்கும் இவ்வெடிப்பு வீட்டின் திறந்த கதவு. கிருமி அவ்வழி நுழைந்து, குளிர்காய்ச்சலும் கால் வீக்கமுமாய்ப் படுக்கையில் தள்ளுகிறது. யானைக்காலுற்றவர் நாள்தோறும் காலைக் கழுவி உலர்த்திவந்தால் அக்காய்ச்சல் அடிக்கடி வருவது குறைகிறது என்பது ஆய்வில் தெளிந்த உண்மை. செலவு ஒரு சோப்புக் கட்டி.

அக்கியைப் பற்றி ஒரேயொரு சீட்டுத்தான் இருந்தது. ஆனால் அதன்மேல் எழுந்த விவாதம் அரைமணி நேரம் நீண்டது. குயவரிடம் சென்று செங்காவியால் அக்கி எழுதிக்கொள்வதை நம் வட்டாரத்தில் அறியாதார் இல்லை. காவியின் குளிர்ச்சி எரிச்சலைத் தணிக்கலாம். எழுதுபவர் மீது நமக்கு எவ்வித மனத்தாங்கலும் இல்லை. ஆனால் அக்கி என்பது, சிறு வயதில் வந்துபோன சின்னம்மையின் கிருமி நரம்புக்குள் ஒளிந்திருந்து, முதுமையிலோ உடல் தளர்ந்தபோதோ மீண்டும் எழுவது. உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கொப்புளம் கிளம்பும். அதற்குரிய மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப்பயன். மூன்று நாள் மூன்று முறை எழுதிக்கொண்டபின் மருத்துவரிடம் வருபவர் அந்தக் காலத்தைக் கழித்துவிட்டே வருகிறார். பிறகு புண் ஆறியும் நரம்பு வலி மாதக்கணக்கில் வாட்டும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் கண்டால் கண்ணுக்கே ஆபத்து. எழுதிக்கொள்வதாயினும், மாத்திரையை வாங்கிக்கொண்டு பிறகு எழுதிக்கொள்ளுங்கள் என்று நாம் தீர்ப்புக் கூறினோம். இரு தரப்பும் ஓரளவு அமைந்தன.

வேர்க்குருவைப் பற்றி அதிகம் எழுத வேண்டா. இருமுறை தண்ணீர்க் குளியல், மெல்லிய பருத்தி ஆடை, காற்று, இவை போதும். நுங்கைத் தடவுவோர் தடவலாம்; தின்பது இன்னும் நன்று. குழந்தைக்கு மூட்டை மூட்டையாய்ப் பவுடர் கொட்டுவதும், குளிக்கும் நீரில் நாள்தோறும் கிருமிநாசினி கலப்பதும் தேவையற்றவை. பவுடர் குழந்தையின் மூச்சில் ஏறும். கிருமிநாசினி தோலை வறட்டும். வறண்ட தோலுக்குக் குளித்து ஈரம் முழுதும் காயுமுன் தேங்காய் எண்ணெயைத் தடவுவது சிறந்தது என்று மருத்துவர் சொன்னபோது, பாட்டிமார் ஒருவரையொருவர் பார்த்துப் பெருமிதத்தோடு முறுவலித்தனர்.

நிறத்தைப் பற்றிய சீட்டுகளைப் படிக்கையில் நமக்கு வருத்தமே மேலிட்டது. "மகளுக்கு வரன் பார்க்கிறோம், நிறம் கொஞ்சம் குறைவு, என்ன பூசலாம்?" கறுத்தவர்க்கும் வெளுத்தவர்க்கும் தோலில் நிறமி செய்யும் உயிரணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே, அவை உண்டாக்கும் நிறமியின் அளவிலும் அமைப்பிலுமே வேறுபாடு. அந்நிறமி வெயிலினின்று காக்கும் குடை. நம் கடற்கரை வெயிலில் அக்குடை நமக்கு வேண்டும். 1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-இல் தன் பெயரையே 'க்ளோ அண்ட் லவ்லி' என மாற்றிக்கொண்டது. பெயர் மாறியது, வரன் பார்ப்போர் மனம் மாறவில்லை. முகவரியின்றி விற்கப்படும் வெளுப்புக் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. கேரளத்தின் மலப்புரம் பகுதியில் 2023-இல் சிறுநீரகம் பழுதுற்று வந்த நோயாளிகளை விசாரித்தபோது, அவர்களுள் பலர் அத்தகைய களிம்பைப் பூசியவர்கள் என்று மருத்துவர்கள் கண்டனர். ஸ்டீராய்டு கலந்தவையும் உண்டு. திருமண ஓலை வாசிக்கும் நாம் பெற்றோருக்கு ஒன்று சொல்வோம்: மகளின் முகத்தில் எதைப் பூசுவது என்று கேட்டு இனி நம்மிடம் வராதீர்கள்.

தேமலைக் குறித்த வினாக்கள் எஞ்சின. பிள்ளைகளின் கன்னத்தில் தோன்றும் வெளிறிய திட்டைப் 'பூச்சித் தேமல்' என்கிறோம். வயிற்றுப் பூச்சிக்கும் அதற்கும் உறவில்லை. வறண்ட தோலின் விளைவு. எண்ணெய் தடவிவர, வளர வளர மறையும். மார்பிலும் முதுகிலும் மழை தெறித்தாற்போல் சிதறும் தேமல் வியர்வையில் செழிக்கும் மற்றொரு பூஞ்சையால் வருவது. மருந்திட்டால் எளிதில் போகும். ஆனால் பழைய நிறம் திரும்பச் சில மாதம் ஆகும். பால்போல் வெளுத்த வெண்புள்ளி வேறு. உடலின் காப்புப் படையே தன் நிறமி அணுக்களைத் தாக்குவதால் அது நேர்கிறது. தொட்டாலோ, ஒரே தட்டில் உண்டாலோ ஒட்டாது. அதற்கு 'வெண்குஷ்டம்' என்று பெயரிட்டவர் செய்த தீமை கொஞ்சமல்ல. குஷ்டத்துக்கும் அதற்கும் எள்ளளவும் தொடர்பில்லை. அச்சொல் ஒன்றினாலேயே முறிந்துபோன திருமணப் பேச்சுகள் இரண்டை நாம் அறிவோம். நம் கிறிஸ்தவ இல்லங்களிலேனும் அச்சொல் வழங்காதொழிக.

இம்மூவகையிலும் தோலின் உணர்ச்சி மாறாது. உணர்ச்சி குன்றிய தேமலே வேறு. அதனை வீட்டிலேயே ஓரளவு சோதித்தறியலாம். கண்ணை மூடச் செய்து, பஞ்சுத் திரியால் தேமலின் மீதும் நல்ல தோலின் மீதும் மாறிமாறி மெல்லத் தொட வேண்டும். தொட்ட இடத்தை அவர் விரலால் சுட்டிக்காட்ட வேண்டும். தேமலில் தொட்டதை அவர் உணரவில்லையாயின் அவ்வாரமே மருத்துவமனைக்குச் செல்க. தொழுநோயில் உணர்ச்சி குன்றாத வகையும் உண்டு. ஆதலின் காது மடல் தடித்தல், சுண்டுவிரல் மடங்கி வலுவிழத்தல், கைகால்களில் நீடித்த மரப்பு, காலிலிருந்து செருப்பு கழன்றதும் தெரியாமல் நடத்தல் ஆகியவற்றையும் காட்டிவிட வேண்டும். சர்க்கரை நோயிலும் கால் மரக்கும். எதனால் மரத்தது என்று ஆராய்வது மருத்துவர் பொறுப்பு.

குருமடத்தில் பயின்ற காலத்தில் தமியான் அடிகளாரின் வரலாற்றை நாம் உணவறையில் வாசிக்கக் கேட்டிருக்கிறோம். பெல்ஜியம் தந்த அக்குரு 1873-ஆம் ஆண்டு மே மாதம் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மொலக்காயில், தொழுநோயாளர் ஒதுக்கி வைக்கப்பட்ட குடியிருப்புக்குச் சென்று சேர்ந்தார். 1884 டிசம்பரில் ஒரு நாள் கொதிக்கும் நீரில் காலை வைத்துவிட்டார். கொப்புளம் எழுந்தது, வலி எழவில்லை. தமக்கும் அந்நோய் வந்துற்றதை அவர் ஐயமற உணர்ந்தது அப்போதுதான். 1889 ஏப்ரல் 15-இல் இறந்தார். 2009-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. அவர் மொலக்காயில் கால் வைத்த அதே 1873-இல்தான், நார்வே நாட்டில் ஹான்சன் என்னும் மருத்துவர் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். கிருமி தெரிந்தது, மருந்து கிடைக்க மேலும் 70 ஆண்டுகள் சென்றன.

இன்னொன்றும் குருமடத்தில் கற்றோம். லேவியர் நூலின் 13, 14-ஆம் அதிகாரங்களில் 'தொழுநோய்' என நாம் படிக்கும் எபிரேயச் சொல் பலவகைத் தோல் நோய்களைக் குறிப்பது. ஆடையிலும் வீட்டுச் சுவரிலும் படியும் பூசணத்தையும் அதே சொல்லால் அந்நூல் சுட்டுகிறது. ஆகவே இன்றைய தொழுநோயாளரைப் பார்த்து விவிலியச் சாபம் என்று எவரேனும் கூறின், அவர் விவிலியத்தையும் அறியார், நோயையும் அறியார்.

விரல்கள் தொழுநோயினால் அழுகி உதிர்கின்றன என்றே உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. அதனை மறுத்துரைத்தவர் நம் மண்ணில் பிறந்த ஒருவர். 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கற்பட்டிலும் வேலூரிலும் நோயாளிகளை நாள்தோறும் கவனித்து, விரல்களைக் குறைப்பது நோயன்று, உணர்ச்சியின்மையால் நேரும் காயங்களே என்று கண்டார். சுடும் பாத்திரத்தை எடுப்பர், சுடுவது தெரியாது. முள்ளில் நடப்பர், குத்தியது தெரியாது. இரவில் உறங்குகையில் எலி விரலைக் கடிப்பதும் தெரியாது என்று அறிந்தபின், வீடு திரும்பும் நோயாளிகள் பூனையொன்றைக் கொண்டுசெல்ல வேண்டும் என விதித்தார். வலியை இறைவன் தந்த கொடை என்று அவர் பேசியதும் எழுதியதும் இக்காரணத்தாலேயே.

இன்று மருந்து உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறையில் 6 மாதமோ 12 மாதமோ மாத்திரை உண்டால் கிருமி ஒழியும். எந்த அரசு மருத்துவமனையிலும், ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் அது இலவசம். மருந்தைத் தொடங்கியதுமே பிறருக்குப் பரப்பும் ஆற்றல் ஏறக்குறைய அற்றுப்போகிறது. மக்களில் பெரும்பாலோர்க்கு இந்நோயை எதிர்க்கும் வலிமை இயல்பிலேயே உள்ளது. நீண்ட நாள் நெருங்கி வாழ்வோர் சிலருக்கே வருகிறது. அதுவும் உடலில் பல்லாண்டு உறங்கியபின். 2005 டிசம்பரில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை நாடு எட்டியது. அதைக் கேட்டு, நோயே ஒழிந்தது என்று பலர் கருதிவிட்டனர். உலகில் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்குமேல் இன்றும் இந்தியரே. ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர்.

சட்டமும் வெகு காலம் தாழ்த்தியே திருந்தியது. துணைவருக்குத் தொழுநோய் என்பது மணமுறிவுக்குப் போதிய காரணமாக இருந்ததை 2019-இல்தான் நாடாளுமன்றம் நீக்கியது. கிறிஸ்தவருக்குரிய 1869-ஆம் ஆண்டுச் சட்டமும் அத்திருத்தத்தில் அடங்கும்.

பெரிய வியாழனன்று நாம் கண்ட பெரியவர் 12 மாத மருந்தை ஒரு நாளும் தவறாமல் உண்டு முடித்தார். வீட்டார் அனைவரையும் சோதித்தனர். வேறெவருக்கும் நோய் இல்லை. மனைவியாரின் இடுப்பும் சரியான மருந்தால் நலமடைந்தது. வரிகள் மட்டும் நின்றுவிட்டன. கிருமி போயிற்றே தவிர, அவர் பாதத்துக்கு உணர்ச்சி திரும்பவில்லை. முதல் தேமல் தோன்றிய ஆண்டே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் மருத்துவர். மருத்துவமனையில் தந்த மென்மையான ரப்பர்ச் செருப்பை அணிந்தே இப்போது வரப்பில் நடக்கிறார்.

மாலையில் விளக்கேற்றியதும் அவருடைய பேத்தி பாடப்புத்தகத்தை எடுக்குமுன் தாத்தாவின் இரு பாதங்களையும் மடியில் தூக்கி வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். சென்ற முறை நாம் அவ்வீட்டை மந்திரிக்கச் சென்றபோது, அன்று எடுத்த கருவேல முள்ளை ஒரு தீப்பெட்டியில் வைத்திருந்து நமக்குக் காட்டினாள்.